வீட்டு பி.பி. மெஷின் ஒவ்வொரு தடவையும் வேறு எண் காட்டுகிறது, எதை நம்புவது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். இன்று காலை வீட்டு மெஷினில் 158/92, பத்து நிமிடம் கழித்து 141/86. போன வாரம் கிளினிக்கில் 132/80. மெஷின் கோளாறா? மாத்திரையைக் கூட்டலாமா?

பதில்: மாத்திரையை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மெஷினையும் உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பத்து நிமிடத்தில் 17 இறங்கியிருக்கிறது என்றால், பெரும்பாலும் முதல் தடவை எடுத்த விதத்தில்தான் குறை. பேசினால் ஏறும், படி ஏறி வந்தால் ஏறும், ஒன்றுக்கு அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் ஏறும். ஒற்றை எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதலில் கையில் சுற்றும் பட்டையைப் பாருங்கள். வீடுகளில் நடக்கும் பாதித் தப்பு அதில்தான். தையல் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அப்பாவின் கைச் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். எத்தனை செ.மீ. கைக்குப் பொருந்தும் என்று பட்டையிலேயே அச்சடித்திருப்பார்கள். சாதாரண அளவு 22 முதல் 32 செ.மீ. வரை. கை 35 செ.மீ. இருந்தால், அந்தச் சின்னப் பட்டை உள்ளே இருக்கும் ரத்தக் குழாயை அமுக்கக் கூடுதல் காற்றழுத்தம் தேவைப்படும். மெஷினுக்கு அது தெரியாது. அந்தக் கூடுதலையும் சேர்த்து பி.பி. என்று காட்டிவிடும். பருமனான கைகளில் இந்த வித்தியாசம் 20 வரை போவதுண்டு. மெலிந்த கையில் பெரிய பட்டை சுற்றினால் நேர்மாறாகக் குறைத்துக் காட்டும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கிறது, உங்கள் மெஷினுக்கு உரியதாகப் பார்த்து வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம். கை கொஞ்சம் இறங்கினாலே எண் மாறிவிடும்.

பட்டையை வெறும் கையில் சுற்ற வேண்டும். சட்டைக் கையை இறுக்கமாக மேலே சுருட்டிவிட்டால் அதுவே ஒரு கட்டுப் போட்டது போலாகிவிடும். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும். பட்டையின் காற்றுக் குழாய் அல்லது அம்புக்குறி முழங்கையின் உள்பக்கம் வரவேண்டும்.

பிறகு உட்காரும் விதம். நாற்காலியில் முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில், கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா. டிவி, போன், பேச்சு எதுவும் வேண்டாம். காபி, பீடி, சிகரெட், நடைப்பயிற்சி எல்லாம் அரை மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கையை மேஜை மேல் வைத்து, பட்டை நெஞ்சு உயரத்துக்கு வரும்படி தலையணை கொடுங்கள். கை 10 செ.மீ. கீழே தொங்கினால் எண் 7, 8 கூடும். இது ரத்தத்தின் எடையால் வரும் கணக்கு, உடம்பில் ஒன்றும் மாறியிருக்காது.

காலையில் மாத்திரைக்கும் டிபனுக்கும் முன்பு இரண்டு தடவை, ஒரு நிமிட இடைவெளியில். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு அதே போல இரண்டு. ஏழு நாள் எழுதுங்கள். முதல் நாளைத் தள்ளிவிட்டு, மீதி ஆறு நாளின் 24 அளவுகளுக்குச் சராசரி போடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டால் அதிகம்தான்; கிளினிக்கில் அந்தக் கோடு 140/90. உங்கள் விஷயத்தில் கிளினிக்கில் நன்றாக இருந்ததே என்று விட்டுவிடக் கூடாது. கிளினிக்கில் குறைந்தும் வீட்டில் ஏறியும் இருக்கும் ரகம் ஒன்று உண்டு, அதுவும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஆரம்பத்தில் ஒரு தடவை இரண்டு கையிலும் பாருங்கள். எது அதிகமோ அந்தக் கைதான் இனி. வித்தியாசம் 15-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், குறைவாகக் காட்டும் கைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். நாடித் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு இந்த மெஷின் கணக்கு தப்பும்.

சராசரி உண்மையிலேயே அதிகம் என்றால், மாத்திரையை மாற்றும் பேச்சுக்கு முன்னால் இரண்டு விஷயம் விசாரியுங்கள். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கி டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போடுகிறாரா? அவை பி.பி.யை ஏற்றும். அடுத்து ஊறுகாய், அப்பளம், கருவாடு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன். சாம்பார், ரசத்தில் போட்டதும் இதில் அடக்கம். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

180/120-க்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் இருந்தால் இரண்டாம் தடவை அளக்க உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அப்போதும் அதே அளவு என்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.

டாக்டரிடம் போகும்போது நோட்டோடு மெஷினையும் பட்டையையும் எடுத்துப் போங்கள். அவருடைய மெஷினில் ஒரு தடவை, உங்களுடையதில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றி அதே கையில் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாத் தடவையும் 10-க்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் மெஷின் கோளாறு.