இரவு ஜாப் ஓடும்போது கசாண்ட்ரா ஏன் திணறுகிறது?

கேள்வி: எங்கள் ஆர்டர் விவரங்கள் 6 நோட் (சர்வர்) கொண்ட கசாண்ட்ரா என்ற தரவுத்தளத்தின் கிளஸ்டரில் உள்ளன. தினமும் இரவு ஒரு ஸ்பார்க் (பெரிய தரவைப் பல கணினிகளில் பிரித்துக் கையாளும் மென்பொருள்) ஜாப் முந்தைய நாள் ஆர்டர்களைப் படித்து, வாடிக்கையாளர்வாரியாகத் தொகுத்து, வேறொரு டேபிளில் எழுதுகிறது. அந்த நேரத்தில் மொபைல் ஆப்பில் டைம்அவுட் வருகிறது. ஸ்பார்க்குக்கும் கசாண்ட்ராவுக்குமான இணைப்பில் என்ன தவறு?

பதில்: இணைப்பில் தவறு இருக்காது. இரண்டையும் இணைக்கும் ஸ்பார்க் கசாண்ட்ரா கனெக்டர் வேகமாக எழுதக்கூடியது. வேகத்துக்கு எல்லை வைப்பது நம் பொறுப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பார்க்கில் வேலை செய்யும் 10 எக்ஸிக்யூட்டர், ஒவ்வொன்றிலும் 4 கோர் என்றால் ஒரே நேரத்தில் 40 டாஸ்க் (வேலைத் துண்டு) ஓடும். நாம் எதையும் மாற்றாவிட்டால் ஒரு டாஸ்க் 5 பேட்ச் (எழுத வேண்டிய வரிசைகளின் தொகுப்பு) வரை ஒருசேர அனுப்பும். ஆக, 200 பேட்ச் அந்த 6 நோட்களின் தலையில் வந்து விழுகின்றன. ஆப்பின் கோரிக்கைகளும் அதே வரிசையில்தான் காத்து நிற்கின்றன. கனெக்டரில் 'அவுட்புட்.துருபுட்எம்பிபெர்செக்' என்று ஓர் அமைப்பு உண்டு. அது ஒரு கோருக்கான எல்லை. அதை 1 என்று வைத்தால் மொத்தம் நொடிக்கு 40 எம்பிதான் போகும். ஜாப் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளட்டும், விடிவதற்குள் முடிந்தால் போதும்.

அடுத்தது படிக்கும் பக்கம். உங்கள் டேபிளில் பார்ட்டிஷன் கீ (தரவு எந்த நோட்டில் சேரும் என்று தீர்மானிக்கும் நெடுவரிசை) வாடிக்கையாளர் எண் என்றால், 'நேற்றைய ஆர்டர் மட்டும்' என்று தேதியால் வடிகட்டினாலும் முழு டேபிளையும் படிக்க வேண்டிவரும். இதுவும் பெரிய சுமைதான். தேதியும் ஒரு பக்கெட் எண்ணும் (ஒரு நாளின் தரவைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் எண்) சேர்ந்த பார்ட்டிஷன் கீயோடு தனி டேபிள் வைத்துக்கொள்ளுங்கள். தேதியை மட்டும் வைத்தால் ஒரு நாள் முழுக்க ஒரே பார்ட்டிஷனில் குவியும். அப்புறம் அந்தத் தேதி, பக்கெட் ஜோடிகளைக் கொடுத்து கனெக்டரின் 'ஜாயின்வித்கசாண்ட்ராடேபிள்' மூலம் படித்தால், தேவையான பார்ட்டிஷன்கள் மட்டும் வரும்.

பலர் கவனிக்காமல் விடுவது 'நல்' (null) எனப்படும் வெற்று மதிப்புகள். ரீஃபண்ட், கூப்பன் போன்ற காலி நெடுவரிசைகளை எழுதும்போது ஒவ்வொன்றும் ஒரு டூம்ஸ்டோனாக (அழிக்கப்பட்டது என்ற குறி) பதிவாகும். இயல்பு அமைப்பில் அது குறைந்தது 10 நாள் அங்கேயே கிடக்கும். ஒரே வாசிப்பில் 1,00,000 டூம்ஸ்டோனைத் தாண்டினால் கசாண்ட்ரா அந்த வாசிப்பையே கைவிட்டுவிடும். கனெக்டரின் 'இக்னோர்நல்ஸ்' அமைப்பை ட்ரூ ஆக்குங்கள், காலி மதிப்புகள் எழுதப்படாது. ஆனால் பழைய மதிப்பை வேண்டுமென்றே அழிக்க வேண்டிய டேபிளில் இதைப் போடாதீர்கள், பழையது அப்படியே நின்றுவிடும்.

டாஸ்க் பாதியில் விழுந்து மறுபடி ஓடினால் பயம் வேண்டாம். அதே பிரைமரி கீயில் அதே மதிப்பு மேலெழுதப்படும், அவ்வளவுதான். கவுண்டர் நெடுவரிசை (எழுதும் ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டே போகும் எண்) இருந்தால் மட்டும் கணக்கு இரட்டிப்பாகலாம். அதனால் மொத்தத்தை ஸ்பார்க்கிலேயே கூட்டிச் சாதாரண எண்ணாக எழுதுங்கள்.

பணம் இருந்தால், ஜாப்களுக்கென்று கசாண்ட்ராவிலேயே இரண்டாவது டேட்டா சென்டர் (அதே தரவின் நகலை வைத்திருக்கும் தனி நோட் குழு) அமைப்பது நல்ல வழி. ஜாப் படிக்கும் சுமை அங்கே போய்விடும். எழுதுவது ரெப்ளிகேஷன் (நகலெடுத்தல்) வழியாகப் பழைய நோட்களுக்கும் வந்துசேரும் என்பதால் வேக எல்லை அப்போதும் வேண்டும்.

இன்று இரவு அந்த எழுதும் வேக எல்லையை மட்டும் மாற்றி ஓட்டுங்கள். ஜாப் ஓடும்போது ஒவ்வொரு நோட்டிலும் 'நோட்டூல் டிபிஸ்டாட்ஸ்' என்ற கட்டளையைப் போட்டு, கைவிடப்பட்ட மியூட்டேஷன் (எழுதும் கோரிக்கை) எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் ஒரு டாஸ்க் ஒருசேர அனுப்பும் 5 பேட்ச் என்பதை 2 ஆக்குங்கள்.