உண்மைக்கு யார் ஜாமீன்?

கேள்வி: கடவுள் இல்லை என்று வைத்துக்கொண்டால், உண்மையும் ஆளுக்கு ஒன்று, நல்லது கெட்டதும் ஆளுக்கு ஒன்று என்றாகிவிடாதா? எல்லாருக்கும் பொதுவான உண்மைக்கும் அறத்துக்கும் ஜாமீன் நிற்க ஒருவர் வேண்டாமா?

பதில்: ஜாமீன் என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டீர்கள். அதைப் பிடித்துக்கொண்டே போகிறேன். ஜாமீன் யாருக்குக் கேட்பார்கள்? வாய்தாவுக்கு வராமல் ஓடிவிடக்கூடியவருக்கு, வாங்கிய கடனுக்குக் கைவிரித்துவிடக்கூடியவருக்கு. 17 பகா எண் என்ற உண்மை எங்கே ஓடிப்போகும்? மனிதர் எல்லாரும் எண்ணவே மறந்துபோனாலும், ஒன்றையும் அதையும் தவிர வேறெந்த எண்ணாலும் 17ஐ மீதியில்லாமல் வகுக்க முடியாது. ஓடிப்போகிறவர்கள் நாம். ஜாமீன் தேவைப்படுவதும் நமக்குத்தான்.

கணித மேதை ராமானுஜனையும், அவரை இங்கிலாந்துக்கு வரவழைத்த கணிதப் பேராசிரியர் ஹார்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். தன் கணக்கெல்லாம் நாமகிரித் தாயார் அருள் என்று நம்பியவர் ஒருவர். ஒளிவுமறைவில்லாத நாத்திகர் இன்னொருவர். 1913-ல் ராமானுஜன் அனுப்பிய கடிதங்களில் ஹார்டியை அசர வைத்த சூத்திரங்கள் இருந்தன. ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் வரும் என்று சொல்லும் வழியும் இருந்தது. அந்த வழி ராமானுஜன் நினைத்த அளவுக்குத் துல்லியமானது இல்லை, தவறு. தாயார் மேல் அவருக்கு இருந்த பக்தி எல்லாச் சூத்திரத்துக்கும் ஒரே பக்திதான். அது தவறானதைச் சரியாக்கவில்லை. ஹார்டியின் நாத்திகம் சரியானதைத் தவறாக்கவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்த்து, நிறுவு, நிறுவு என்றுதான் பேசிக்கொள்ள முடிந்தது. அந்தத் தாளில் இரண்டு பேருக்கும் இடம் இருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் மனதை நிறைக்கிற விஷயம்.

காந்தி இதைத் தன் வழியில் கண்டுகொண்டார். முதலில் ‘கடவுளே உண்மை’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பிறகு ‘உண்மையே கடவுள்’ என்று மாற்றிக்கொண்டார். ஏன் மாற்றினேன் என்று 1931-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் விளக்கினார். கடவுளை மறுப்பவர்கள்கூட உண்மையை மறுப்பதில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அத்தனை பக்தி உள்ள மனிதர் எழுவாயையும் பயனிலையையும் இடம் மாற்றிப் போட்டதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

சரி, கணக்கு வேறு, அறம் வேறு என்பீர்கள். அறத்துக்கே வருகிறேன். கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில், சொந்தத் தகப்பன் மேலேயே கொலைவழக்குப் போடப் புறப்பட்ட யூதிஃப்ரோவை நீதிமன்ற வாசலில் சாக்ரடீஸ் நிறுத்தி ஒன்று கேட்கிறார்: தெய்வங்கள் விரும்புவதால் அது புனிதமா, புனிதம் என்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா? முதலாவது என்றால், நாளைக்குக் கொடுமையை விரும்பினால் கொடுமையும் நல்லதாகிவிடும். இதை எந்த பக்தரும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. குழந்தையைக் கொல்லச் சொல்லிச் சாமி உத்தரவு கொடுத்தது என்று ஒருவன் வந்து நின்றால், ‘அது சாமியாக இருக்காது’ என்றுதான் முதலில் சொல்பவர் பக்தர். எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறார்? அது அவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது. நன்மை கடவுளின் கட்டளை இல்லை, அவருடைய இயல்பே அதுதான் என்று இறையியல் அறிஞர்கள் பதில் சொல்வார்கள். மதிப்புக்குரிய பதில். ஆனால் அந்த இயல்பைப் பார்த்து ‘நல்லது’ என்று சொல்லவும் அதே அளவுகோல்தான் வேண்டியிருக்கிறது.

ஜாமீனுக்கே திரும்புகிறேன், விட மனசில்லை. ஏழாம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த குமாரிலபட்டர், வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் மீமாம்சை என்ற தத்துவ மரபைச் சேர்ந்தவர், வேதத்தை அப்படியே ஏற்றவர். அவர் படைப்புக் கடவுளை மறுத்தார். வேதத்தைக் கடவுளும் செய்யவில்லை, மனிதரும் செய்யவில்லை, யாருமே செய்யவில்லை. அதனால்தான் அதில் பிழை இல்லை என்பது அந்தத் தரப்பின் வாதம். சொன்னவர் என்று ஒருவர் இருந்துவிட்டால் அவர் தவறியிருக்கலாமே என்ற சந்தேகம் வந்துவிடும்! உங்கள் கேள்வியை அப்படியே தலைகீழாக்கிவிட்டார் பாருங்கள். வேதத்தை ஏற்காத சமணரும் பௌத்தரும் படைத்தவன் ஒருவன் வேண்டும் என்று சொல்லாமலே, கொல்லாமையையும் பொய்யாமையையும் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள்.

இப்போது இந்தப் பக்கத்தில் வருடக்கணக்காக என்னோடு மல்லுக்கு நிற்கும் நாத்திக நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கடவுள் இல்லை, ஆகவே அறம் என்பது சமூகம் பழக்கிவைத்த வழக்கம் மட்டுமே என்று எழுதுகிறீர்கள். கேள்வி கேட்ட வாசகரும் நீங்களும் ஒரே கட்சி என்பது தெரிகிறதா? கடவுள் போனால் அறமும் போய்விடும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒத்த கருத்து. நான் அதைத்தான் மறுக்கிறேன். அறம் வெறும் வழக்கம் என்றால், அடிமை முறையே வழக்கமாக இருந்த ஊரில் அதை எதிர்த்தவன் தப்பு செய்தவன் ஆகிறான். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், தான் அடிமையாக இருந்த வரலாற்றை 1845-ல் எழுதினார். தான் கண்ட எஜமானர்களில் மதப்பற்றுள்ளவர்களே மிகக் கொடியவர்கள் என்கிறார். அவர் கிறிஸ்துவை வெறுத்தவரும் இல்லை. சவுக்கடி தவறு என்பது அவருக்கு யாரும் வாக்கெடுத்துச் சொல்ல வேண்டியதாக இருக்கவில்லை.

ஆனால் பொதுவானது என்றால் விலக்கே இல்லாதது என்று அர்த்தமில்லை. இந்த இடத்தில் ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட்டோடு எனக்குப் பழைய தகராறு. உன் வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடிக் கொலைகாரன் வந்து கேட்டால், அவனிடமும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-ல் எழுதினார். வள்ளுவர், குற்றமற்ற நன்மை தரும் என்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்கிறார். ‘புரைதீர்ந்த’ என்ற அந்த ஒரு சொல்லுக்காக நான் வள்ளுவர் பக்கம். அவர் ஆளுக்கொரு நியாயம் என்று கதவைத் திறந்துவிடவில்லை. நன்மையையும் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்.

அப்புறம், ஜாமீன் நமக்குத்தான் தேவை என்றேனே, அது. தெரிந்த நல்லதைச் செய்ய நம்மைக் கட்டிப்போட ஒன்று வேண்டியிருக்கிறது. பலருக்கு அது கடவுள். அதைப் பிடுங்க எனக்கு எந்த ஆசையும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்க இரண்டு பேர் இருந்தார்கள். (அந்தச் சொல்லிலேயே ‘மெய்’ இருக்கிறது.) ஒருவர் பழுத்த பக்தர், மற்றவர் சாமி பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவர். ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிக்க, மற்றவர் புரூஃபில் பேனாவை ஓட்டுவார். ஒரு நாள் ராத்திரி, கடைசி பாரம் மெஷினில் ஏறிய பிறகு, ஓர் இரங்கல் குறிப்பில் மகன்கள் பெயரெல்லாம் இருக்க, மகள் பெயர் மட்டும் விடுபட்டிருப்பது தெரிந்தது. அடுத்த இதழில் திருத்தம் போட்டுக்கொள்ளலாம் என்றேன். இரண்டு பேரும் என்னிடம் எதுவும் பேசவில்லை. ஒருவர் மெஷினை நிறுத்தச் சொல்லி உள்ளே போனார், மற்றவர் தூங்கிக்கொண்டிருந்த, அச்செழுத்துக் கோக்கும் கம்பாசிட்டரை எழுப்பினார். அந்தப் பெயரைக் கோத்து மறுபடியும் ஏற்றும்போது மணி இரண்டு.