பழைய பியானோக்களின் பெயர்களுக்குப் பின்னால் இருந்த குடும்பங்கள்

ஐரோப்பாவின் பழைய பியானோக்களில் ஏன் குடும்பப் பெயர்களே பொறிக்கப்பட்டிருக்கின்றன, தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும்தான் போனதா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வரலாற்றைப் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு படித்து வருகிறேன். மகன்களுக்கு இணையாக மருமகன்களும் இத்தொழிலைத் தாங்கியிருக்கிறார்கள் என்பதே நான் கண்டது.

லண்டனின் பிராட்வுட் நிறுவனம் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. 1718-இல் சுவிட்சர்லாந்திலிருந்து இளம் வயதில் லண்டனுக்கு வந்த புர்காட் ஷூடி, பியானோவுக்கு முந்தைய விசைக் கருவியான ஹார்ப்சிகார்டைச் செய்யும் தொழிலைக் கற்றுச் சொந்தப் பட்டறை நிறுவினார். 1761-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஸ்காட்லாந்துத் தச்சர் ஜான் பிராட்வுட், 1769-இல் முதலாளியின் மகள் பார்பராவை மணந்து, பின்னர் தொழிலில் பங்காளியும் ஆனார். மாமனார் 1773-இல் மறைந்தபோது காலம் மாறிக்கொண்டிருந்தது. ஹார்ப்சிகார்டில் தந்தியை ஒரு சிறு முனை மீட்டுவதால், விரலை எப்படி அழுத்தினாலும் ஒலியின் அளவு பெரிதாக மாறாது. பியானோவிலோ சுத்தியல் தட்டுவதால், விரலின் வேகத்துக்கேற்ப ஒலி மென்மையாகவும் வலிமையாகவும் எழும். மருமகன் இதை உணர்ந்து பியானோவின் பக்கம் திரும்பினார். 1788-இல் அறிவியலாளர்களிடம் ஆலோசனை பெற்று, கிராண்ட் பியானோவின் மந்தரத் தந்திகளுக்குத் தனிக் குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) அமைத்தார். வீணை அறிந்தவர்களுக்குக் குதிரையின் இடம் ஒலியை எவ்வளவு மாற்றும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய மகன் ஜேம்ஸ் 1795-இலும் இன்னொரு மகன் தாமஸ் 1808-இலும் பங்காளிகளானார்கள். நிறுவனத்தின் பெயரிலிருந்து ஷூடி மறைந்தாலும், ஜேம்ஸ் ஷூடி பிராட்வுட் என்ற பேரனின் பெயரில் தாய்வழிப் பாட்டனார் தொடர்ந்து இருந்தார். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. 1817-இன் இறுதியில் தாமஸ் வியன்னாவிலிருந்த பேத்தோவனுக்கு ஒரு கிராண்ட் பியானோவைப் பரிசாக அனுப்பினார். கடல்வழியே ட்ரியஸ்ட் துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து தரைவழியே வியன்னா போன அந்தப் பியானோ, பின்னர் பியானோ மேதை லிஸ்ட்டின் கைக்கு வந்து, இப்போது புடாபெஸ்டிலுள்ள ஹங்கேரி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மகன்களை மட்டும் நம்புவதில் எவ்வளவு ஆபத்து இருந்தது என்பதை ஸ்டெயின்வே குடும்பத்தில் காணலாம். ஜெர்மனியின் ஸேஸன் ஊரிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த ஹைன்ரிஷ் ஸ்டைன்வெக் (இப்பெயரே பின்னர் ஸ்டெயின்வே ஆனது), 1853-இல் மகன்களோடு நிறுவனத்தைத் தொடங்கினார். 1865-இல் ஹென்றி, சார்லஸ் என்னும் இரு மகன்களும் அடுத்தடுத்து இறந்தனர். தொழில் நிலைகுலையாமல் இருக்க, ஜெர்மனியில் தனியே தொழில் நடத்திவந்த மூத்த மகன் தியோடோர், அதை விற்றுவிட்டு அமெரிக்கா போக வேண்டியதாயிற்று.

அதே 1853-இல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் ஜூலியஸ் புளூத்னர் தம் பட்டறையைத் தொடங்கினார். உச்சத் தந்திகளோடு, சுத்தியல் தொடாமல் ஒத்ததிர்வால் மட்டுமே ஒலிக்கும் நான்காவது தந்தி ஒன்றைச் சேர்த்தது அவருடைய பெரும் பங்களிப்பு. அவருக்குப் பின் மகன்கள் நடத்தினார்கள். 1932-இல் திருமண உறவால் குடும்பத்துக்குள் வந்த ருடால்ஃப் ஹெஸ்லர் பொறுப்பேற்று, தம் பெயரோடு புளூத்னர் பெயரையும் இணைத்துக்கொண்டார். 1943-இல் குண்டுவீச்சில் தொழிற்சாலை அழிந்தது. அதை மீண்டும் எழுப்பினார்கள்.

ஒரே ஆண்டில் தொடங்கிய இரு நிறுவனங்களும் ஒரே ஆண்டில், 1972-இல், குடும்பத்தின் கையைவிட்டுப் போயின. ஸ்டெயின்வேயை அமெரிக்காவின் சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனம் வாங்கியது. புளூத்னரைக் கிழக்கு ஜெர்மனி அரசு நாட்டுடைமையாக்கியது. முன்னது குடும்பத்திடம் திரும்பவில்லை. பின்னது ஜெர்மனி ஒன்றிணைந்த காலத்தில் ஹெஸ்லரின் வழிவந்தவர்களிடமே திரும்பியது. இன்றும் அவர்களே நடத்துகிறார்கள்.