ஆசிரியர்கள் அன்றாட வேலையில் குழந்தை உரிமைகளைக் காப்பது எப்படி?

அரசுப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். பயிற்சியில் ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை, போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) என்று நிறையச் சொன்னார்கள், வகுப்பில் நிஜமாக என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குழந்தைகள் பாதுகாப்புத் துறையில் ஆற்றுப்படுத்துநர். ஆசிரியர், செவிலியர், காவலர் என்று எல்லாரோடும் பழகுகிற வேலை. பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

அந்த உடன்படிக்கையை ஐ.நா. 1989ல் நிறைவேற்றியது, இந்தியா 1992ல் ஏற்றது. தன்னைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12ஆம் பிரிவு. மற்றதெல்லாம் மறந்தாலும் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை விஷயமாக எது செய்வதானாலும் முதலில் அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள், அது என்ன நினைக்கிறது என்று கேளுங்கள்.

உதவித்தொகைப் படிவம் வருகிறது. "எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எழுந்திரிங்க." அடுத்த வாரம், "அப்பா இல்லாதவங்க கை தூக்குங்க." சொல்கிறவர் மனதில் கெடுதல் எதுவும் இருக்காது, பட்டியலை மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எழுந்து நிற்கிற பிள்ளைக்கு மொத்த வகுப்பும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதுதான் தெரியும். அந்த விவரம் ஏற்கெனவே எமிஸ் என்கிற பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவில் இருக்கிறதே! அதைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இது எதற்கான படிவம், என்னென்ன நகல் வேண்டும் என்று சொல்லிக் கையில் கொடுங்கள். கொஞ்ச நேரம் கூடுதலாகும், பரவாயில்லை.

அடிப்பதைப் பற்றி நீட்ட வேண்டாம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று பெற்றோரே வந்து சொன்னாலும் அந்த அனுமதி செல்லாது.

அப்புறம், ஒருநாள் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி வந்து "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஆரம்பிக்கும். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் சொல்வேன், யார்கிட்ட சொல்லப் போறேன்னு உனக்கு முன்னாடியே சொல்லிடுவேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் தகவல் கொடுத்தே ஆகவேண்டும், போக்சோ 19ஆம் பிரிவு அது. ஆனால் முழு விசாரணையும் உங்கள் வேலை கிடையாது. "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்கவே கூடாது. பிள்ளை "மாமா கெட்டது பண்றாரு" என்று சொன்னால் அதையே எழுதுங்கள், நாகரிகமாக மாற்றாதீர்கள். தேதியும் நேரமும் போட்டு வையுங்கள்.

பிள்ளைகளை மிகவும் நொறுக்குவது, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதுதான். காவலர், மருத்துவர், குழந்தைகள் நலக் குழு, மாஜிஸ்திரேட் என்று சட்டம் வைத்திருக்கிற படிகளே ஒரு பிள்ளைக்கு அதிகம். அதற்கு முன்னால் வகுப்பாசிரியர், எச்.எம்., பி.டி.ஏ. தலைவர் என்று நாமாகச் சேர்ப்பதை நிறுத்தலாம். ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண்ணைத் தலைமையாசிரியர் அறையில், சுற்றிலும் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது "ஒண்ணும் நடக்கலக்கா" என்று முடித்துவிட்டாள். எனக்கு இன்றும் ஆறவில்லை.

இதையே அழகாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் இருக்கக்கூடாது, பிள்ளையின் வீட்டிலோ அதற்கு விருப்பமான இடத்திலோ வாங்கவேண்டும் என்பது போக்சோ 24ஆம் பிரிவு. ஒரு பெண் எஸ்.ஐ. சுடிதாரில் வந்து, திண்ணையில் அம்மாவும் பெண்ணும் இருந்த இடத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "நான் போலீஸ்தான். நீ சொல்றதை எழுதுவேன், எழுதினதைப் படிச்சுக் காட்டுவேன், தப்பா இருந்தா நிறுத்து" என்றார். படித்துக் காட்டும்போது அவள் நிஜமாகவே நிறுத்தினாள். "அது திங்கக்கிழமை இல்ல, செவ்வா." எஸ்.ஐ. அடித்துத் திருத்தினார். அதன்பிறகு அவள் குரலே மாறிவிட்டது, கேட்காததையெல்லாம் தானாகச் சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுடும், நாமளே பேசி முடிச்சுக்கலாம்" என்று மேலே இருப்பவர் தடுத்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தும் தகவல் கொடுக்காதவருக்கு 6 மாதம் வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ உண்டு. தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கிற நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. அவர் அனுமதிக்காகக் காத்திருக்காமல் நீங்களே காவல் நிலையத்தில் தகவல் கொடுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் கூப்பிடுங்கள். நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காக உங்கள்மேல் வழக்குப் போட முடியாது, அந்தப் பாதுகாப்பும் 19ஆம் பிரிவிலேயே இருக்கிறது.