மூளை நோயும் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரையும்: கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் 31 வருஷம் மருந்தாளுநரா இருந்தவன் நான். என் அம்மாவுக்குப் பார்கின்சன் இருந்தது. வடசென்னையில இருந்து கேட்டவங்க எல்லாருக்கும், அவங்க ஏரியா பேரைப் போட்டு கீழே பதில் எழுதியிருக்கேன்.

காசிமேடு: அண்ணே, எங்க நைனாவுக்குக் கை நடுக்கம், பார்கின்சன்னு சொல்லிட்டாங்க. மூளையில ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸாம். கடன் டென்ஷன்ல வந்ததா?

இல்ல தம்பி. அந்த ஸ்ட்ரெஸ் மனக்கவலை இல்ல. உடம்பு எடையில மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனா நாம இழுக்குற ஆக்சிஜன்ல ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்குது. அவ்வளவு எரியுற அடுப்புல பொறி பறக்காம இருக்குமா? அந்தப் பொறிதான் ஃப்ரீ ராடிக்கல். அதை அணைக்க செல்லுக்குள்ளயே குளூட்டாதயோன் மாதிரிப் பொருள்கள் இருக்கு, அதுங்கதான் ஆன்டி ஆக்சிடன்ட். அணைக்கிறதவிடப் பொறி அதிகமாச்சுன்னா செல்லோட கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எல்லாம் கெடும். அந்த நிலைதான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்.

வீட்டுல வாழைக்காய் நறுக்குறப்போ பாருங்க, வெட்டின இடம் கறுத்துடும். அதுல டோபமின்னு ஒரு பொருள் இருக்கு, நம்ம மூளையிலயும் சேதி கடத்துற பொருள் அது. அது ஆக்சிஜனோட சேர்றதுதான் கறுக்க முக்கியக் காரணம். அதனாலதான் மோர்த் தண்ணியில போடுறாங்க. பார்கின்சன்ல மூளையில சாகுற செல்களும் டோபமின் செய்யுற செல்கள்தான். அந்த இடமே கறுப்பாத்தான் இருக்கும். டோபமின் ஆக்சிஜனோட சேர்ந்து உண்டான நிறமி அது. அம்மாவுக்கு நோய் வந்த பிறகு எங்க வீட்டு அரிவாள்மணையில வாழைக்காய் கறுக்குறதைப் பார்த்துக்கிட்டே நின்னிருக்கேன்.

தண்டையார்பேட்டை: அப்போ வைட்டமின் ஈ, கோ கியூ 10 மாதிரி ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை கொடுத்தா நோய் நிக்கணுமே சார்?

நானும் அப்படித்தான் நம்பினேன். இரண்டு வருஷம் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தேன். 1993ல வெளியான ஆய்வுல ஆரம்பநிலை பார்கின்சன் நோயாளிகள் 800 பேர். வைட்டமின் ஈ தினம் 2000 யூனிட் கொடுத்தும் நோய் வேகம் குறையல. கோ கியூ 10ஐ 600 பேர்கிட்ட சோதிச்சாங்க. பலன் தெரியலன்னு பாதியிலயே நிறுத்தி, முடிவை 2014ல வெளியிட்டாங்க.

நடுக்கம் வெளியில தெரியுறதுக்குள்ள நிறைய செல்கள் போயிடுது. விழுங்குற மாத்திரை எல்லாம் மூளைக்குள்ள போதுமான அளவு ஏறுறதும் இல்ல. ஆக்சிடேஷன் நோயோட ஒரு பங்குதான். புரதம் கட்டிப்போறது, அழற்சி எல்லாம் கூடவே நடக்குது. அந்தக் காசுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வெச்சிருந்தா அம்மா இன்னும் கொஞ்ச நாள் தானா நடந்திருப்பாங்கன்னு இப்பவும் மனசு அடிச்சுக்குது.

திருவொற்றியூர்: மாமியாருக்கு அல்சைமர்னு மறதி நோய். வைட்டமின் ஈ தரலாமா?

இங்க கொஞ்சம் வேற கதைம்மா. 2014ல வந்த 613 பேர் ஆய்வுல, தினம் 2000 யூனிட் எடுத்தவங்களுக்கு குளிக்கிறது, உடுத்துறது மாதிரி வேலைகள் குறையுற வேகம் சற்றுத் தணிஞ்சது. போன ஞாபகம் திரும்பல. அவங்க ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுத்தா, இந்த அளவு ஆபத்து, ரத்தக்கசிவு வரலாம். டாக்டரைக் கேட்காம தொடவே வேணாம்.

வியாசர்பாடி: அப்போ ஆன்டி ஆக்சிடன்டே பொய்யா?

பொய் இல்ல. பரம்பரையா வைட்டமின் ஈ உடம்புல தங்காத ஒரு அபூர்வ நோய் இருக்கு, நடை தள்ளாடும். அதுக்கு அதே வைட்டமின்தான் மருந்து. தசையை இயக்குற நரம்பு செல்கள் சாகுற ஏஎல்எஸ் நோய்க்கு, ஃப்ரீ ராடிக்கலைப் பிடிக்கிற எடரவோன் மருந்தை ஜப்பான் 2015லயும் அமெரிக்கா 2017லயும் அனுமதிச்சது. அதுவும் குணப்படுத்தாது.

மணலி: எங்க ஏரியா காத்துல இருக்குற புகைக்கு நெல்லிக்காய் தின்னா போதுமா?

நெல்லிக்காய் தின்னுங்க, நல்லதுதான். ஆனா புகைக்கு அது ஈடாகாது. மறதி நோய் வர்றதுக்கான காரணங்கள்ல காற்று மாசையும் 2020ல லான்செட் மருத்துவ இதழ் அமைச்ச நிபுணர் ஆணையம் சேர்த்துடுச்சு. நுண்துகள் உள்ள போய் அழற்சியையும் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸையும் கூட்டுது. வடசென்னைக்காரன் கேட்க வேண்டியது சுத்தமான காற்று. அதை விட்டுக்கொடுக்காதீங்க.

காசிமேடு: அண்ணே, கடைசியா ஒண்ணு. நைனா மீன் இல்லாம சாப்பிட மாட்டாரு. நிறுத்தணுமா?

வேணாம் தம்பி. மூளையில டோபமினா மாறுற லெவோடோபா மாத்திரையை மட்டும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி கொடுங்க. மீன்ல இருக்குற புரதம் அது உள்ள ஏறுறதுல போட்டி போடும். இரும்புச்சத்து மாத்திரை எடுத்தா, ரெண்டையும் ஒண்ணாக் கொடுக்காதீங்க. எவ்வளவு நேரம் இடைவெளின்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. மத்தி, காணாங்கெளுத்தி தாராளமா சாப்பிடட்டும்.