வாசகர் கேள்வி – பதில்: கைதிகளை யார் கையில் ஒப்படைப்பது?

கேள்வி: எங்கள் கல்லூரியில் நடக்கவிருக்கும் மாதிரி ஐ.நா. அவைக்கு 1952ஆம் ஆண்டின் கொரியப் போர்நிறுத்தப் பேச்சைத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு நடுநிலை நாடான இந்தியாவின் பங்கு. ஒத்திகையில் போர்க்கைதிகள் விவகாரத்தில் இரு தரப்பும் கொஞ்சமும் அசையவில்லை. பாதிக்குப் பாதி என்று நான் முன்வைத்த யோசனையை இருவருமே மறுத்துவிட்டார்கள். நான் எங்கே தவறினேன்?
– கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பாதிக்குப் பாதி என்பது நிலத்துக்கும் பணத்துக்கும் பொருந்தும். கொரியாவிலும் நிலத்துக்கு அது ஏறக்குறையப் பொருந்தியது. 1951 ஜூலை 10 அன்று கேசோங்கில் தொடங்கிய பேச்சில், 38ஆவது அட்சரேகையே எல்லை என்று வடகொரிய, சீனத் தரப்பும், அதற்கு வடக்கே எல்லை வேண்டும் என்று அமெரிக்கா தலைமையிலான ஐ.நா. தரப்பும் வாதாடின. ஆகஸ்ட் 10 அன்று இரு தூதுக்குழுக்களும் ஒருவரையொருவர் பார்த்தபடி 2 மணி 11 நிமிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்த நிகழ்ச்சியும் நடந்தது. ஆனாலும், பேச்சு பன்முன்ஜோமுக்கு இடம் மாறிய பின், படைகள் நேருக்கு நேர் நிற்கும் இடமே கோடு என்று அந்த நவம்பர் 27ஆம் தேதியே ஒப்புக்கொண்டார்கள்.

கைதிகள் விவகாரம் அப்படிப்பட்டதன்று. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தத்தின் 118ஆவது பிரிவு, சண்டை ஓய்ந்ததும் கைதிகளைத் தாமதமின்றித் தாயகம் அனுப்பவேண்டும் என்கிறது. ஆகவே எல்லோரையும் அனுப்புங்கள் என்றது வடகொரிய, சீனத் தரப்பு. திரும்ப விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தி அனுப்புவதில்லை என்றது ஐ.நா. தரப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் நாட்டுக்கு வலுக்கட்டாயமாக அனுப்பப்பட்டவர்களின் கதி அமெரிக்க அதிபர் ட்ரூமனின் நினைவில் இருந்தது. தன்னிடம் இருந்த கைதிகள் என்று ஐ.நா. தரப்பு கொடுத்த பட்டியலில் சுமார் 1,32,000 பேர் இருந்தார்கள். 1952 ஏப்ரலில் விசாரித்தபோது ஏறக்குறைய 70,000 பேர் மட்டுமே திரும்ப விரும்புவதாகச் சொல்லப்பட்டது. அந்த எண்ணிக்கையை ஏற்பது தன் அரசைத் தன் வீரர்களே நிராகரித்துவிட்டதாக உலகின் முன் ஒப்புக்கொள்வதாகும். எந்த அரசும் அதில் கையெழுத்திடாது. உங்கள் யோசனை எண்ணிக்கையைப் பங்கிட்டதே தவிர, இந்த அவமானத்தை அகற்றவில்லை.

அதே ஆண்டின் இறுதியில் ஐ.நா. பொதுச்சபையில் வி.கே. கிருஷ்ணமேனன் இந்தியாவின் சார்பில் கொண்டுவந்த தீர்மானத்தை ஊன்றிப் படியுங்கள். இரு தரப்பும் சண்டையிட்டுக்கொண்டிருந்த சொற்களை அது ஒதுக்கிவைத்தது. கைதிகள் தாயகம் திரும்புவதைத் தடுக்கவோ, திரும்பச் செய்யவோ பலப்பிரயோகம் கூடாது என்றது. ‘தடுக்க’ என்ற சொல்லில் ஒரு தரப்பு தன் நியாயத்தையும், ‘திரும்பச் செய்ய’ என்ற சொல்லில் மறு தரப்பு தன் நியாயத்தையும் கண்டுகொள்ள முடிந்தது. அடுத்ததாக, முடிவெடுக்கும் இடத்தையே அது மாற்றியது. பாகப்பிரிவினைத் தகராறு முற்றும்போது பத்திரத்தை இருவருக்கும் பொதுவான ஒருவர் கையில் கொடுத்துவைப்பதை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். அதுபோல, கைதிகளை நடுநிலை நாடுகளின் ஆணையத்திடம் ஒப்படைக்கச் சொன்னது. ‘திரும்ப மாட்டேன்’ என்பதைக் கைதி சிறைபிடித்தவன் முகாமில் நின்று சொல்லாமல், நடுநிலையான காவலில், தன் நாட்டுப் பிரதிநிதி விளக்கம் சொல்லக் கேட்ட பிறகு சொல்கிறான் என்றால், அந்த நாட்டின் கௌரவத்துக்கு நேரும் அடி பெரிதும் குறைகிறது. நீங்கள் தவறவிட்டது இந்த மூன்றாவது இடத்தைத்தான்.

கேள்வி: அந்தத் தீர்மானத்தைச் சீனாவும் சோவியத் நாடும் நிராகரித்தனவே! போர்க்களத்தில் அழுத்தம் கொடுக்காமல் முட்டுக்கட்டை உடைந்ததாக வரலாறு உண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நிராகரித்தன என்பது உண்மை. 1952 டிசம்பர் 3 அன்று தீர்மானம் நிறைவேறியபோது ஆதரவாக 54, எதிராக 5 வாக்குகள். அந்த ஐந்தும் சோவியத் அணியுடையவை. ஆனால் அழுத்தத்துக்கும் குறைவில்லை. அதே ஆண்டு ஜூனில் வடகொரியாவின் நீர்மின் நிலையங்கள் குண்டுவீசித் தகர்க்கப்பட்டன, அக்டோபரில் ஐ.நா. தரப்பு பேச்சையே நிறுத்திவைத்தது. இவை எவையும் கைதிகள் விஷயத்தில் சம்மதத்தைக் கொண்டுவரவில்லை. அமெரிக்கத் தரப்பில் மடிந்தோர், காயமடைந்தோர் எண்ணிக்கையில் ஏறக்குறையப் பாதி பேச்சு தொடங்கிய பிறகே சேர்ந்தது என்பதை நினைக்கும்போது, அழுத்தத்தைப் பற்றி எளிதாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்தார். போரை நீட்டிக்கும் விருப்பம் மாஸ்கோவில் தளர்ந்தது. பிப்ரவரியிலேயே ஐ.நா. படைத்தளபதி மார்க் கிளார்க், நோயுற்ற, காயமுற்ற கைதிகளை மட்டும் முதலில் பரிமாறிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்த கடிதத்துக்கு வடகொரிய, சீனத் தரப்பின் சம்மதம் மார்ச் 28 அன்று வந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவனை அனுப்புவதில் யாருக்கும் தோல்வி இல்லை என்பதால், பெரிய விவகாரத்தைத் தொடாமலே முதல் அடி எடுத்து வைக்க அது வழி செய்தது. ஏப்ரல் 20 முதல் மே 3 வரை வடகொரிய, சீனத் தரப்புக்கு 6,670 பேரும் ஐ.நா. தரப்புக்கு 684 பேரும் திரும்பினார்கள். இடையில் ஏப்ரல் 26 அன்று பேச்சு மீண்டும் தொடங்கியது. ஜூன் 8 அன்று கையெழுத்தான கைதிகள் உடன்பாடு, நிராகரிக்கப்பட்ட அந்த இந்தியத் தீர்மானத்தின் அடிப்படையையே பெரிதும் கொண்டிருந்தது. நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைவராக இந்திய ஜெனரல் திம்மையாவும், காவலுக்கு இந்தியப் படையும் சென்றார்கள். மனம் மாறும் வேளையை எந்த மத்தியஸ்தராலும் வரவழைக்க முடியாது. அது வரும்போது எழுதி முடித்த தாள் ஒன்று மேஜைமேல் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் தோற்ற யோசனைகளையும் நான் மதிக்கிறேன்.

போர் இல்லாத உதாரணம் வேண்டுமானால் நம் பக்கத்திலேயே இருக்கிறது: பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த கதை. மக்கள் சம்மதமின்றி நிலப்பகுதியைக் கொடுக்கப் பிரான்சின் அரசமைப்பு இடம்தரவில்லை; பொதுவாக்கெடுப்புக்கு இந்தியா உடன்படவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள். நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான உரிமை 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் வந்தது. நிர்வாகத்தையும் உரிமையையும் தனித்தனியே பிரித்ததால் மக்கள் எட்டு ஆண்டுகள் காத்திருக்க நேரவில்லை.

கேள்வி: எங்கள் கடற்கரையில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போர்நிறுத்தம் செய்துகொண்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: உண்மைதான். ஆனால் பேசித் தீர்த்தது இங்கே அன்று. 1783 ஜூனில் கடலூரைப் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி காத்து நிற்க, ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை முற்றுகையிட்டது. ஜூன் 20 அன்று கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரனின் கப்பல்களும் ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் மோதின. இரு நாடுகளும் பிரான்சின் வெர்சாயில் பூர்வாங்க சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டதோ அந்த ஆண்டு ஜனவரி 20 அன்று. ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடியோடு ஓர் ஆங்கிலக் கப்பல் செய்தி கொண்டுவந்த பிறகே பீரங்கிகள் ஓய்ந்தன. அந்த ஜூன் மாதத்தில் இங்கே இறந்தவர்கள் எல்லோரும் ஐந்து மாதங்களுக்கு முன்பே முடிந்துபோன ஒரு போருக்காக இறந்தவர்கள்.

லாஸ்பேட்டை மாணவிக்கும் இதைச் சொல்கிறேன். பன்முன்ஜோமில் 1953 ஜூலை 27 அன்று காலை 10 மணிக்குக் கையெழுத்து; இரவு 10 மணிக்குச் சண்டை நிற்கவேண்டும் என்பது ஏற்பாடு. உங்கள் வரைவிலும் நேரத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கடைசிக் காவல் அரணில் நிற்பவனுக்கு அதை யார் கொண்டுபோய்ச் சொல்வது என்பதையும் எழுதுங்கள்.