கீழ முடியில பேன் – வைஃப் கிட்ட எப்படி சொல்றது டாக்டர்?

கேள்வி: வயசு 27, ஊரு குடியாத்தம் பக்கம், ஆம்பூர்ல ஷூ கம்பெனில வேலை. கல்யாணம் ஆகி நாலு மாசம். மூணு வாரமா கீழ முடி இருக்கற எடத்துல தாங்க முடியாத நமைச்சல், ராத்திரி தூக்கமே இல்ல. மெடிக்கல்ல படைக்கு க்ரீம் குடுத்தாங்க, கேக்கல. நேத்து பாத்தா ஏதோ ஊர்ற மாதிரி இருக்கு. இது எய்ட்ஸா? வைஃப் கிட்ட சொன்னா சந்தேகப்படுவாளோனு பயமா இருக்கு.

பதில்: தம்பி, ஊர்றத நீங்களே பாத்துட்டீங்க, அப்ப இது பேன்தான், எய்ட்ஸ் இல்ல. ஆனா தலைப்பேன் இல்ல, இது வேற ஜாதி. ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், குட்டி நண்டு மாதிரி, முடி வேர்ல ஒட்டிக்கிட்டு அசையாம கிடக்கும், பாத்தா காஞ்ச புண்ணு பொருக்குனுதான் தோணும். டார்ச் அடிச்சு ஒண்ண எடுத்து வெள்ளப் பேப்பர்ல வெச்சுப் பாருங்க, கால ஆட்டும். முடியில அரிசிக் குருணை மாதிரி ஒட்டியிருந்தா அது ஈரு. ஜட்டியில சின்னச் சின்ன ரத்தப் பொட்டு, தொடையில அடிவயித்துல நீலமா திட்டு, இதுவும் அது கடிச்ச அடையாளம்தான்.

அந்தப் படை க்ரீம இன்னைக்கே நிறுத்துங்க. ஸ்டீராய்டு கலந்த க்ரீமா இருந்தா அரிப்பு அடங்கின மாதிரி இருக்கும், பேனுக்கு ஒண்ணும் ஆகாது, தோல்தான் மெலிசாகிடும். மண்ணெண்ணெய், பூச்சி மருந்துனு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க, தோல் வெந்து போய் வந்தவங்கள நான் பாத்திருக்கேன்.

பேன சாகடிக்கற பெர்மெத்ரின் 1 சதவீதம் லோஷன் வாங்குங்க. சொறி சிரங்குக்கு வர்றது 5 சதவீதம், கடையில மாத்திக் குடுத்துடப் போறாங்க. குளிச்சு ஈரத்த நல்லா தொடச்சிட்டு அடிவயிறு, தொடை, பின்பக்கம், நெஞ்சுலயும் அக்குள்லயும் முடி இருந்தா அங்கயும் தடவி பத்து நிமிஷம் விட்டு கழுவிடுங்க. பேன் சீப்பால ஈரு எல்லாத்தையும் இழுத்து எடுங்க. ஷேவ் பண்ணியே ஆகணும்னு இல்ல. ஈரு எல்லாம் ஒரே தடவையில சாகாது, 6 லேருந்து 10 நாள்ல பொரிக்கும், அதனால ஒன்பது பத்து நாள் கழிச்சு ரெண்டாவது தடவ கண்டிப்பா போடணும், நமைச்சல் நின்னுடுச்சேனு நிறைய பேர் இத விட்டுட்டு திரும்ப வர்றாங்க. கண் இமையில இருந்தா மட்டும் இந்த மருந்து கிட்டயே போகக்கூடாது, நேர்ல காட்டுங்க.

மருந்து போடற அன்னைக்கே லுங்கி, துண்டு, பெட்ஷீட் எல்லாத்தையும் கொதிக்கிற தண்ணியில ஊற வெச்சு தொவைங்க, நம்ம வேலூர் வெயில் மிச்சத்த பாத்துக்கும். உடம்ப விட்டா அது ஒண்ணு ரெண்டு நாளுக்கு மேல உயிரோட இருக்காது.

இப்ப நீங்க கேட்டதுக்கு வர்றேன். இது பெரும்பாலும் உடலுறவுல பரவறது, லுங்கி துண்டு மாத்திக் கட்டறதால அபூர்வமா வரலாம், டாய்லெட் சீட்டால வர்றதுனு சொல்றது சும்மா. ஆணுறை போட்டாலும் தடுக்காது, ஏன்னா முடிக்கு முடி ஒட்டுது. வந்து பல வாரம் கழிச்சுக்கூட அரிப்பு ஆரம்பிக்கும், அதனால யார் கிட்டேருந்து யாருக்குனு தேதி போட்டுச் சொல்ல எந்த டாக்டராலயும் முடியாது. அந்தப் பொண்ணு கிட்ட மறைச்சிட்டு நீங்க மட்டும் மருந்து போட்டா பத்து நாள்ல திரும்ப உங்களுக்கே வரும், அதவிட முக்கியம், அவங்க உடம்பப் பத்தி தெரிஞ்சுக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. "எனக்கு இப்படி வந்திருக்கு, உனக்கும் இருக்கலாம், ஒரே நாள்ல ரெண்டு பேரும் மருந்து போடலாம்"னு நேரா சொல்லுங்க. அவங்களுக்கு நாள் தள்ளிப் போயிருந்தாலும் இந்த லோஷன் போடலாம், ஆனா பேனுக்குக் குடுக்கற ஐவர்மெக்டின் மாத்திரை கர்ப்பத்துல வேண்டாம். கல்யாணத்துக்கு முன்ன பின்ன வேற யாரோடயாவது தொடர்பு இருந்திருந்தா அந்த ஆளுக்கும் சொல்லிடுங்க. குணமாகற வரைக்கும் ரெண்டு பேரும் சேர வேண்டாம்.

பேனால எச்ஐவி வராது, ஆனா ஒரே வழியில ரெண்டும் வரலாம், அதனால எச்ஐவி டெஸ்டும், சிபிலிஸ்னு உடலுறவுல பரவற இன்னொரு நோய்க்கான டெஸ்டும் பண்ணிடுங்க. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல எச்ஐவி டெஸ்ட் இலவசம், ரகசியமா வெச்சுப்பாங்க. 1986ல இந்தியாவுல எச்ஐவி இருக்குனு முதல்ல தெரிஞ்சப்ப மெட்ராஸ் ரத்த சாம்பிள டெஸ்ட் பண்ணது நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிலதான், இந்த ஊர்ல இதுக்கு வெக்கப்படவே வேணாம். சந்தேகம்னா எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்கு போன் பண்ணுங்க.

ரெண்டாவது தடவ போட்டதுக்கப்புறம் கொஞ்ச நாள் நமைச்சல் மட்டும் இருந்தா பயப்படாதீங்க. உயிரோட பேன் கண்ணுல பட்டா அதே லோஷன திரும்பத் திரும்ப போடாம வேலூர் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுல ரெண்டு பேருமா போய் காட்டுங்க.